ஜேர்மன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜேர்மன் வகுப்பு நடத்தும் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் நிலையப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை ஜேர்மனியில், பொம்பிளை இங்கே. 2007இல் அந்த நாடு சட்டத்தை மாற்றிய பிறகு, ஏ1 சான்றிதழ் இல்லாமல் துணையிடம் போவது பெரும்பாலும் நடக்காத காரியம். என் மகளும் அப்படித்தான் உங்களில் ஒருவரிடம் வந்தாள். போன கிழமை முடிவு வந்தது. சித்தியில்லை.

அவள் படிக்காத பிள்ளை இல்லை. தன்னை அறிமுகம் செய்யும் பந்தியை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்கு, எதுவும் வரிசை பிசகாது. கொழும்பில் சோதனை மேசையிலும் அப்படியே சொல்லி முடித்தாளாம். பிறகு குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அடுத்தது தொலைபேசி இலக்கம். ஜேர்மனில் 21 என்பதை ‘ஒன்றும் இருபதும்’ என்று ஒன்றாம் இடத்திலிருந்து சொல்ல வேண்டும். மகள் எண்களையும் பாடமாக்கித்தான் வைத்திருந்தாள், ஒன்றிலிருந்து நூறு வரை, பாட்டு மாதிரி. நடுவிலிருந்து ஓர் எண்ணை எடுக்க வேண்டும் என்றால் முதலிலிருந்து ஓட வேண்டும். தன் சொந்த இலக்கத்தைச் சொல்ல முடியாமல், மற்றப் பரீட்சார்த்திகள் பார்த்துக்கொண்டிருக்க, வாயடைத்து இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அட்டை. ‘சாப்பாடு’ என்ற மாதிரி ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் இருக்கும். அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையோடு அவள் ஒரு வசனமாவது ஜேர்மனில் பேசியிருக்கிறாளா என்று கேட்டேன். “கதைச்சால் சேர் மைக்கில ‘சத்தம் போடாதேங்கோ’ எண்டுவார், அப்பா” என்றாள்.

கேட்டல் பகுதியும் இதே கதைதான். புகையிரத நிலையத்தில் சொல்வது போன்ற அறிவித்தல்களைச் சோதனையில் ஒரு தரம்தான் போடுவார்கள். வகுப்பிலோ ஒலிப்பதிவே கிடையாது. அதில் பேசுவதை எழுத்தில் அடித்து, போட்டோக் கொப்பி எடுத்து, விடையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டல் பயிற்சியைக் கண்ணால் செய்த ஊர் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நான்கு பகுதிகளுக்கும் சம புள்ளி. சித்தியடைய 100க்கு 60 வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் ஒரு பிழைகூட விடாத பிள்ளைக்கு 50தான் வரும். மிச்சத்தைக் காதும் வாயும்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: வகுப்பு நேரத்தில் பாதியையாவது கேட்பதற்கும் பேசுவதற்கும் விடுங்கள்.

உங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் படித்தும், ஓஎல் வினாத்தாளில் கடிதம் எழுதுகிற பிள்ளை ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் ஒளிந்துகொள்கிறது. பாடமாக்கு, ஒப்புவி, மற! நாங்கள் தாய் தகப்பன்மாரும் கொப்பி நிறைந்திருந்தால் நல்ல வகுப்பு என்று நம்புகிறோம். இலக்கண விதியை ஒப்பித்து மொழி வராது என்று வில்ஹெல்ம் ஃபியேட்டர் என்ற ஜேர்மன்காரரே 1882இல் சண்டை பிடித்திருக்கிறார். அந்தச் செய்தி ஆனையிறவு தாண்ட இன்னும் எத்தனை வருடமோ! ‘100 வீதம் சித்தி’ என்ற உங்கள் சுவரொட்டி மட்டும் சந்திக்குச் சந்தி வந்துவிட்டது. அந்த நூறில் என் மகளை எங்கே சேர்த்தீர்கள் என்றும் ஒருக்கால் சொல்லுங்கள்.

கோபத்தில் கூடிவிட்டது, மன்னிக்கவும். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். இந்தச் சோதனையை நடத்தும் கோதே நிறுவனத்தின் இணையத்தளத்தில் மாதிரிச் சோதனை ஒலிப்பதிவோடு இலவசமாகவே இருக்கிறது. அதை வகுப்பில் போடுங்கள். பிள்ளைகளை நாலு நாலு பேராக இருத்தி, அட்டையைக் கொடுத்து, பிழையாக என்றாலும் பேச விடுங்கள். எண்களை வரிசை குழப்பிக் கேளுங்கள். மைக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

மகள் திரும்பவும் எழுதத்தான் போகிறாள். அடுத்த வகுப்புக்குக் காசு கட்டவும் ஆயத்தம். சேர்க்க முன்னர் ஒரு நாள் பின் வாங்கில் இருந்து பார்க்க அனுமதி தாருங்கள். ஒலிப்பதிவு போட ஸ்பீக்கர் இல்லை என்றால் எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. நானே கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
ஒரு தகப்பன்
யாழ்ப்பாணம்