உதவித்தொகைக் கடிதத்தின் மூன்றாம் பக்கம்: சட்டக் கல்லூரி டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்கச் சட்டக் கல்லூரி டீன்களுக்கும் சேர்க்கைப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

உதவித்தொகைக்கு நிபந்தனை போடும் கல்லூரிகளுக்குத்தான் இந்த மடல். நிபந்தனை போடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்கு நன்றி. மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் ஆண்டு முடிவில் வகுப்பின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் பணம் உண்டு என்று எழுதுகிறீர்களே, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

என் அண்ணன் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, முதல் பதினான்கு என்று எல்லோரும் பயபக்தியோடு சொல்லும் வரிசையில் இருப்பது. அங்கே ஒரு டாலர்கூட உதவி இல்லை. இன்னொன்றை அதன் மாநிலத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது, ஆனால் ஆண்டுக்கு 40,000 டாலர் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். குடும்பத்தில் அக்கவுண்டன்ட் நான்தான் என்பதால் இரண்டு கடிதங்களும் என்னிடம் வந்தன. "அத்தை, மூணு வருஷத்துக்கு லட்சத்து இருபதாயிரம் மிச்சம், சரிதானே?" என்று கேட்டாள். சரியில்லை. வாழ்த்துகளையும் நூலகத்தின் படத்தையும் தாண்டி, மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

மூன்றில் ஒரு பங்கு என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பள்ளியிலிருந்தே முதல் வரிசையில் வந்து பழகிய பிள்ளைகள், நமக்கு இது ஒரு பெரிய விஷயமா என்றுதான் நினைப்பார்கள். உங்கள் வகுப்பில் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டில் எல்லாமே கர்வ். எத்தனை பேர் பிரமாதமாக எழுதினாலும் மேல் கிரேடு இத்தனை பேருக்குத்தான் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அதுவும் பெரும்பாலான பாடங்களுக்கு ஒரே ஒரு இறுதித் தேர்வு. அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு செக்ஷனில் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேரை இந்த நிபந்தனையோடு சேர்த்திருக்கிறீர்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 30 இடம். அந்த அறுபது பேரும் அம்பேத்கராகவே இருந்தாலும் குறைந்தது முப்பது பேர் உதவித்தொகையை இழந்தே தீர வேண்டும். உதவித்தொகை இல்லாத மற்ற முப்பது பேரில் யாராவது நன்றாக எழுதிவிட்டால் இழப்பவர்கள் இன்னும் அதிகம். படிப்பில் அக்கறையை உண்டாக்கத்தான் நிபந்தனை என்கிறீர்கள். எவ்வளவு அக்கறை காட்டினாலும் முப்பது முப்பத்தொன்று ஆகப்போவதில்லை. கடிதம் தபாலில் போன அன்றே நடந்து முடிந்துவிட்ட கழித்தல் இது. யார் பெயர் கழியும் என்பது மட்டும்தான் தேர்வுக்குப் பிறகு தெரியவரும்.

இழந்தவள் என்ன செய்வாள்? வேறு கல்லூரிக்கு மாறலாமே என்பீர்கள். மாற்றலுக்கு எல்லோரும் பார்ப்பது முதல் ஆண்டு ரேங்க். அது இல்லாததால்தானே உதவித்தொகையே போனது? அப்படியே மாறினாலும் மாறி வருபவர்களுக்கு உதவித்தொகை கிடைப்பது அரிது. விட்டுவிட்டு வரலாம் என்றால் ஓராண்டுக் கடன் ஏற்கெனவே தலைமேல் நிற்கிறது. ஆக, மிச்சம் இரண்டு ஆண்டுக்கு முழுக் கட்டணத்தையும் அவளே கட்டுவாள். பந்தியில் உட்காரவைத்துவிட்டுப் பாதியில் இலையை எடுப்பதைவிட இது ஒருபடி மேல், ஏனென்றால் இங்கே சாப்பாட்டுக்கான பில் மட்டும் தொடர்ந்து வரும்.

எத்தனை பேர் இழந்தார்கள் என்று நீங்கள் வெளியிட வேண்டும் என்பது, சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க பார் அசோசியேஷனின் 509ஆம் விதி. ஆண்டுதோறும் வெளியிடவும் செய்கிறீர்கள், மறுக்கவில்லை. என் மருமகள் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்து இதே கேள்வியைக் கேட்டபோது, "எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள்" என்று இனிமையான பதில் வந்தது. பிறகு நாங்களே அந்த அட்டவணையைத் தேடி எடுத்தோம். "இதை ஏன் போன்ல சொல்லல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

இந்த நேரத்தில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கிராட் பிளஸ் கடன் வழியாகப் படிப்புச் செலவு முழுவதையும் மத்திய அரசிடமே வாங்க முடிந்தது. 2025இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. சட்டம் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. 40,000 டாலர் உதவி இருக்கும்வரை அந்த வரம்புக்குள் என் மருமகள் சமாளித்துவிடுவாள். அது போன மறுநாள் கட்டணமும் வாடகையும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். அப்புறம் தனியார் வங்கிதான். அங்கே பெரியவர்கள் யாராவது கூடக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவளுக்கு, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் ஆக ஆசை. பெரிய நிறுவனங்களில் புதியவர்களுக்கே 225,000 டாலர் சம்பளம் என்றால், இந்த வேலையில் தொடக்கச் சம்பளம் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது, ஆனால் தனியார் கடனுக்கு அது பொருந்தாது. உங்கள் மூன்றாம் பக்கத்து வரி அவளுடைய வேலையையும் சேர்த்தே முடிவு செய்கிறது.

பெயர்பெற்ற கல்லூரிக்கே போகட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 2025–26இல் மத்திய அரசுக் கடனுக்கே வட்டி 7.94 சதவீதம், அதுவும் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஏறத் தொடங்கும். அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டுதான், பெரிய நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு. அவள் போக நினைக்கவில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைத் 'தகுதி' உதவித்தொகை என்கிறீர்கள். எல்சாட் என்ற நுழைவுத் தேர்வில் யாருடைய மதிப்பெண், தரவரிசைக்குப் போகும் உங்கள் நடு மதிப்பெண்ணை (மீடியன்) ஏற்றிக்காட்டுமோ அவர்களுக்குப் பணம், மற்றவர்களுக்கு முழுக் கட்டணம். செப்டம்பரில் அவள் மதிப்பெண் உங்கள் கணக்கில் ஏறிவிடும், அடுத்த கோடையில் அவள் பணம் உங்கள் பெட்டியில் ஏறும். 2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு சட்டக் கல்லூரிகள் யு.எஸ். நியூஸ் வெளியிடும் தரவரிசையிலிருந்து விலகியபோது துறையே தலைநிமிர்ந்துவிட்டது போலப் பேசினார்கள். எனக்கு வந்த சிற்றேட்டில் இன்னும் ரேங்க்தான் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறீர்களாமே? நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பாடத்துக்கு உதாரணம் தேடி நூலகம்வரை போக வேண்டாம், உங்கள் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டாலே கொடுப்பார்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்ததற்கே வருகிறேன்.

வகுப்பு ரேங்கை வைத்து உதவித்தொகையைப் பறிக்கும் வரியை நீக்குங்கள். தேர்ச்சி பெற்றுப் படிப்பைத் தொடரத் தகுதியோடு இருந்தால் போதும் என்று எழுதுங்கள். உங்களைப் போன்ற பல கல்லூரிகள் அப்படித்தான் எழுதுகின்றன, அவை மூடப்பட்டுவிடவில்லை. இந்த ஆண்டே முடியாது என்றால் ஒன்றாவது செய்யுங்கள். 40,000 டாலர் என்று தடித்த எழுத்தில் போடும் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், சென்ற ஆண்டு நிபந்தனையோடு சேர்ந்தவர்கள் இத்தனை பேர், இழந்தவர்கள் இத்தனை பேர் என்றும் போடுங்கள். அதைப் படித்து யோசிக்க ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் கொடுங்கள்.

அவள் டெபாசிட் கட்ட வேண்டிய கடைசி நாள் நெருங்குகிறது. அந்த வரியை நீக்க முடியுமா என்று முறையாக எழுதிக் கேட்டிருக்கிறாள். உங்களில் யாருக்கு அந்த மின்னஞ்சல் வந்ததோ, அவர் அந்த நாளுக்கு முன்பு முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரி பதில் எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடன் பத்திரத்தில் கூடக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் ஓர் அத்தை