மாலை வெயில் இங்கே அரை மணி நேரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்களின் புல்வெளி அந்திப் படங்களையும், பக்கத்திலேயே வந்த படப்பிடிப்புக் குறிப்புகளையும் பார்த்தோம். குறிப்புகளில் பிழை இல்லை, ஊர்தான் பிழை. சூரியன் மறையும் முன் ஒரு மணி நேரம் பொன்வெயில் கிடைக்கும், ஜூன் மாதம் பச்சைப் புல் செழித்திருக்கும், மேற்கே பார்த்தால் சூரியன் வலப்பக்கமாகச் சரியும் என்பதெல்லாம் கனடாவின் சஸ்காச்சுவானிலும் அமெரிக்காவின் டகோட்டாவிலும் உள்ள பிரேரிப் புல்வெளிக்குப் பொருந்தும். அதை நம்பி, நம் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து வான் ரீனன் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்துக்குப் போகிறவர் ட்ரைபாடை விரிப்பதற்குள் வெளிச்சத்தைத் தவறவிட்டுவிடுவார்.

கணக்கு எளிது. சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும்போது மஞ்சள் வெயில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையை முழுக்க நீட்டி விரல்களைப் படுக்கையாகப் பிடித்தால், மூன்று விரலுக்குச் சற்றுக் கூடுதலான உயரம் அது. சாஸ்கட்டூன் நகரம் வடக்கே 52 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அடிவானத்தை உரசினாற்போல் சாய்ந்து இறங்குவதால் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். ஃப்ரீ ஸ்டேட்டின் ஹாரிஸ்மித் ஊர் தெற்கே 28 டிகிரியில். இங்கே சூரியன் செங்குத்துக்கு நெருக்கமாக விழுகிறது: 27 நிமிடம், மிஞ்சிப்போனால் 30. மறைந்த பிறகு வானம் வெளிறி இருக்கும் நேரமும் 25 நிமிடத்தை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் இதைவிடவும் சுருக்கம்.

திசையும் மாறுகிறது. நமக்கு உச்சி வெயில் வடக்கே இருப்பதால், மேற்கே பார்த்து நிற்பவருக்குச் சூரியன் வலமிருந்து இடமாகச் சரியும். கடைசி 6 டிகிரியில் அது இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் நகர்ந்துவிடும். பண்ணைக் காற்றாடிப் பம்பின் வாலுக்குப் பின்னால் சூரியன் அமர வேண்டுமென்றால், அரை மணி முன்பு அது பம்புக்கு வலப்புறம் இரண்டு விரல் தள்ளி, மூன்று விரல் மேலே இருக்க வேண்டும். இடப்புறம் விட்டு நிற்பவர் கடைசியில் வேலியைத் தாண்டி ஓடுவார்.

ஜூன் கடைசியில் சூரியன் நேர்மேற்கிலிருந்து வடக்கே 27 டிகிரி விலகி, மாலை 5:15 மணியை ஒட்டி மறையும். டிசம்பரில் தெற்கே அதே அளவு விலகி, 7 மணிக்கு. நேர்கிழக்கு மேற்காக ஓடும் சரளைச் சாலையின் முனையில் சூரியன் வந்து உட்காருவது மார்ச், செப்டம்பர் மாதங்களில் 20-ஆம் தேதியை ஒட்டிய சில நாள்கள் மட்டுமே. மற்ற மாதங்களில் அந்தப் படத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் குடியேறத் தடை விதித்து, 1980-களில்தான் அதை நீக்கிய மாநிலம் ஃப்ரீ ஸ்டேட். நம் வீட்டு ஆல்பங்களில் கடலும் கரும்புக்காடும் நிறைந்திருக்க, புல்வெளி அபூர்வமாய் இருப்பதில் வியப்பென்ன? பழக்கமில்லாத நிலம் என்பதால்தான் வடக்கத்துக் குறிப்பு நமக்கு வேதமாகிவிடுகிறது.

ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது வெளிச்சத்துக்காக அல்ல, இடம் தேர்வதற்காக. தட்டை நிலத்தில் முன்னால் ஏதாவது இருந்தே ஆகவேண்டும்: வேலிக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, சக்கரத் தடம், புல்லின் கதிர். ரோய்கிராஸ் என்கிற செம்புல் குளிர்காலத்தில் வெண்கல நிறத்துக்குக் காய்ந்திருக்கும். கேமராவைக் கதிரின் உயரத்துக்கு இறக்கி, வெயிலுக்கு எதிராக வைத்தால் ஒவ்வொரு சுணையும் ஒளிரும். வளைந்து போகும் பாதையைக் காட்டுவதானால் கேமராவைத் தலைக்கு மேல் உயர்த்துங்கள், பக்கி என்கிற பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி நின்றாலும் சரி. இரண்டுக்கும் நடுவே, கண்மட்டத்தில் எடுத்த படத்தில் புல் வெறும் பட்டையாகத்தான் விழும்.

முழு ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துளை எஃப்/11, ஃபோகஸ் 1.8 மீட்டரில் என்று வைத்தால் 90 செ.மீ. தொடங்கித் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். எஃப்/16-க்கு மேல் போனால் துளை மிகச் சிறுத்து, ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் மென்மையாகிவிடும். ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலக்கோப்பு). நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள்: மஞ்சளைக் குறையென்று எண்ணிக் கேமரா அதைத் திருத்திவிடும், திரையில் பார்த்துச் சரியான அளவையும் முடிவு செய்ய முடியாது. டேலைட்டில் நிறுத்துங்கள்.

வாசகர் படங்களில் அடிக்கடி தென்படும் குறை, சூரியனைச் சுற்றி ஒரே ஆரஞ்சுத் திட்டு. காரணம் சிவப்புச் சேனல் முன்னதாகவே நிறைந்துவிடுவது. வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளையை மட்டும் பார்த்தால் இது தெரியாது, மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துச் சிவப்பு வலச் சுவரில் மோதாதவாறு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சூரியன் மறைந்ததும் வெளிச்சம் சுமார் நாலு நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் விழும், அதாவது பாதியாகும். மேனுவலில் வைத்துவிட்டு மறந்தால் அடுத்தடுத்த படங்கள் கறுத்துக்கொண்டே போகும்.

மேல்பாதி கறுத்திருந்து வானத்தின் வெளிச்சத்தை அடக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரில் கோடு கூர்மையாக மாறும் வகை தட்டை அடிவானத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். ஆனால் காற்றாடிப் பம்பு கோட்டுக்கு மேலே நின்றால் அதன் தலை மட்டும் கறுப்பாகிவிடும். அப்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு இணைக்கலாம். இணைக்கும்போது புல்லை ஒரே படத்திலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடிய கதிர் மூன்று தலையோடு நிற்கும். கதிர் அசையாமல் வேண்டுமானால் ஷட்டர் 1/125 அல்லது அதைவிட வேகம். அலையாக ஓட வேண்டுமானால் அரை நொடிக்கு மேல். நடுவே 1/15-இல் எடுத்தது கைநடுக்கம் போலத் தெரியும்.

வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும்போது அது அதிகம் கறுக்கச் செய்வது தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் பட்டையை. அகன்ற லென்ஸில் வானத்தின் நடுவே அழுக்குத் துணி தொங்குவதுபோல் இருக்கும். அந்தியில் கழற்றிவிடுவதே மேல். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது யூவி ஃபில்டரையும் கழற்றுங்கள், படத்தில் விழும் பச்சை ஒளிப்புள்ளிகளில் பாதி அதனால் வருபவை.

வெயிலை முதுகில் வைத்து எடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. 6 டிகிரி வெயிலில் நிழல் ஆளைப்போல ஒன்பதரை மடங்கு நீளும், 1.7 மீட்டர் ஆளுக்கு 16 மீட்டர். ட்ரைபாடோடு சேர்ந்து அது படத்தின் நடுவில் கொக்குபோல நிற்கும். பக்கவாட்டில் திரும்புங்கள், அல்லது மரத்தின் நிழலுக்குள் நின்றுகொள்ளுங்கள்.

சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் தோற்பது இங்கேதான். திரும்பிக் கிழக்கே பாருங்கள். சில நிமிடங்களில் அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை எழும், அது பூமியின் நிழல். அதன் மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுப் புல்வெளியின் வறண்ட குளிர்காலக் காற்றில் இது துல்லியமாகத் தெரியும், 15 நிமிடத்தில் கரைந்தும்விடும். கோடையில் இதே கிழக்கில்தான் கடந்துபோன இடிமேகம் கடைசி வெயிலில் சிவந்து நிற்கும். இடி கேட்கும் தூரத்தில் மேகம் இருந்தால் உலோக ட்ரைபாடை விட்டுவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள், வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

பருவத்தையும் மாற்றி எழுத வேண்டும். ஜூன், ஜூலை காய்ந்த புல்லும் தீத்தடுப்புக்காக எரித்த கரும்பட்டைகளும். ஆகஸ்டில் தூசியும் புகையும் சூரியனைச் செம்பந்தாக்கும். மார்ச், ஏப்ரலில் சாலையோரம் காஸ்மாஸ் பூக்கள். சூரியகாந்தி வயலில் மட்டும் ஏமாறாதீர்கள்: முற்றிய பூ கிழக்கையே பார்த்து நின்றுவிடும், மாலை வெயில் அதன் முதுகில்தான் படும். வயலின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் முகமும் கிடைக்கும், ஊடுருவும் ஒளியில் இதழ்களும் பளிச்சிடும்.

வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது, சூடான புகைக்குழாய் தீ வைத்துவிடும். பண்ணைக்குள் போக அனுமதி கேளுங்கள். கால்நடைத் திருட்டுக்குப் பயந்த ஊரில், இருட்டில் வேலியோரம் நிற்கும் அந்நியரை யாரும் படக்காரர் என்று நினைக்கமாட்டார்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

உங்களிடம் கேட்பது இரண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது, டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 20 செ.மீ. அகலத்துக்கு அச்சிட 1,600 பிக்சலாவது வேண்டும். நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிப் பரப்புவதால் நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி அனுப்பவும் சொல்லலாம். இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த மாதம், மணி, கேமரா பார்த்த திசை மூன்றையும் அச்சிடுங்கள். ஓராண்டு சேர்ந்தால் வடக்கத்துக் குறிப்புக்கு வேலையிருக்காது.

இப்படிக்கு,
புல்வெளியில் படமெடுக்கும் வாசகர்கள் சிலர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.