உணர்ச்சிவசப்பட்ட சிலரில் ஒருத்தி எழுதுவது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏரிக்கரையில் வரப்போகிற குடியிருப்புத் திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு பற்றி நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். ‘உணர்ச்சிவசப்பட்ட சிலர் மட்டுமே எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று முடித்திருக்கிறீர்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. முடிந்தவரை உணர்ச்சிவசப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஆணியால் கீறி வைக்கிறோம். மாமனார் ஆரம்பித்த பழக்கம், 26 வருடமாக நடக்கிறது. எதிர்க்கரையில் முதல் குடியிருப்பு வருவதற்கு முந்தைய கோடுகள் எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே. அதற்கப்புறம் போட்டவை இடுப்பைத் தொடுகின்றன. மண் குடித்த தண்ணீரைக் கான்கிரீட் குடிக்காது, அது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், எங்கள் சமையலறைக்கு வருகிறது. ஆய்வுக்கு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இந்தச் சுவரைக் காட்டினேன். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்று நாள் இருந்தார்கள், அதுவும் கோடையில், ஏரி பாதியாகச் சுருங்கிக் கிடக்கும்போது. அந்த விளிம்பிலிருந்து டேப் பிடித்து அளந்தால் வீடுகள் எட்டத்தில்தான் இருக்கும். வலசைப் பறவைகள் வராத மாதத்தில் வந்துவிட்டு, ‘பறவைகள் அதிகம் காணப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் அலையாத்திக் காடுகளுக்குப் பாதிப்பு இல்லை என்று இருக்கிறது. சத்தியமான வார்த்தை. கடலோர உப்புநீரில் வளர்கிற அலையாத்தி நன்னீர் ஏரியில் ஏது? வேறு எந்தத் திட்டத்துக்கோ எழுதியதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கட்டுகிறவரே காசு கொடுத்து ஆய்வாளரை அமர்த்தினால் அறிக்கை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

முதல் குடியிருப்புக்கும் ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்றுதான் எழுதினார்கள். இரண்டே வருடத்தில் பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றின மாதிரி ஆகிவிட்டது தண்ணீர், காலை நனைத்தால் அரிப்பு. கனடாவில் 1973-இல் 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்து, இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதிதான் பாசி பிடித்துப் பச்சையானது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கழிவுநீரிலும் புல்தரை உரத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான். இதில் இப்போது வரும் திட்டத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து விண்ணப்பித்திருக்கிறார்கள், தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியுமே என்று. ஏரி அப்படிப் பிரித்தா வாங்கிக்கொள்ளப் போகிறது?

1992-இல் பிரேசிலின் ரியோவில் சுற்றுச்சூழல் மாநாட்டுக்குக் கூடிய நாடுகள், மக்களுக்குத் தகவலும் முடிவெடுப்பதில் பங்கும் வேண்டும் என்று 10-வது கொள்கையாக எழுதி வைத்தன. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு மூன்று நிமிடம். நான் சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும், அதைத்தான் உங்கள் நிருபர் உணர்ச்சி என்று எழுதிக்கொண்டார் போலிருக்கிறது.

சரி, தண்ணீர் பச்சையானபோதும் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் மாலை வெயிலில் ஏரி எப்படி இருக்கும் என்று சொன்ன இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ஏரியின் எழில்’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டீர்கள். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் எது, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. அடுத்த இதழில் அதைப் போடுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அதை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரை வாசகி