நீ கேட்ட செலவுக் கணக்கு

அன்பு மகளுக்கு,

நல்லா இருக்கியா கண்ணு, மாப்பிள்ளை எப்படி இருக்கார், மான்செஸ்டர்ல இன்னும் மழைதானா. இங்க சிங்கப்பூர்ல, ஈசூன்ல வெயில் மண்டையப் பொளக்குது. அம்மா வாய்ஸ் மெசேஜ் மேல வாய்ஸ் மெசேஜா போட்டு உன்ன நல்லா பயமுறுத்திட்டான்னு தெரியும், அதான் நானே உக்காந்து டைப் பண்றேன், எழுத்துல தப்பு இருந்தா கண்டுக்காத.

விஷயம் இதுதான். பிரஷர் மாத்திரைக்கு பாலிகிளினிக் போனப்ப நர்ஸ் பொண்ணு நாடி புடிச்சுப் பாத்துட்டு முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டு ஈசிஜி எடுக்கச் சொல்லிச்சு, பாத்தா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏஎஃப். எனக்குப் படபடப்பும் இல்ல மூச்சு வாங்கலும் இல்ல, காலைல கீழ கோப்பிக்கடைக்கு நடந்து போய் கோப்பி ஓ குடிச்சுட்டுத்தான் கிளினிக்குக்கே போனேன். இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கா சுருங்கி விரியாம சும்மா நடுங்கிட்டே இருக்குமாம், அதனால ரத்தம் ஒரு மூலைல தேங்கி உறைஞ்சு கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட கிட்டத்தட்ட 5 மடங்குன்னு அமெரிக்கால ஃப்ராமிங்ஹாம்ங்கிற ஊர்க்காரங்கள வருஷக்கணக்கா கவனிச்சு 1991-லயே எழுதிட்டாங்க. உலகத்துல சுமார் 60 மில்லியன் பேருக்கு இது இருக்கு, அதனால உங்கப்பா ஒண்ணும் ஸ்பெஷல் இல்ல.

நீ கேட்ட கேள்விக்கு வர்றேன். "எவ்வளவு செலவாகுதுப்பா, எக்ஸல்ல போட்டு அனுப்புங்க, நான் மாசா மாசம் பணம் போட்டுடறேன்"னு சொன்ன. ஷிப்பிங் கம்பெனில காலம் பூரா கணக்கு எழுதினவன்கிட்ட கேக்குற, சந்தோஷம். ஆனா அந்த ஷீட்ட திறந்தா ரெண்டு மூணு வரிக்கு மேல எழுத ஒண்ணுமில்லம்மா. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு வேளை அபிக்ஸபான், துடிப்ப அடக்க ஒரு மாத்திரை, அப்பப்ப கிட்னிக்கு ஒரு பிளட் டெஸ்ட், சப்சிடி போக நான் கட்டுறது நம்ம வீட்டு கரண்டு தண்ணி பில்ல விடக் கம்மி. பணம் போடாத.

ஆனா இந்த வியாதில உண்மையா செலவு எங்க ஆகுதுன்னு உனக்குத் தெரியணும், ஏன்னா நீ லீவு போட்டு இங்க வந்து இருக்கேன்னு சொன்னதுக்கு அதுல பதில் இருக்கு. உங்க ஊர்லயே இதுக்கு ஒரு கணக்கு போட்டிருக்காங்க. 2000-ஆம் வருஷம் என்எச்எஸ், அதான் உங்க ஊர் அரசாங்க மருத்துவத் துறை, இந்த ஒரு வியாதிக்கு நேரடியா செலவழிச்சது 459 மில்லியன் பவுண்டு, அவங்க மொத்தச் செலவுல கிட்டத்தட்ட 1 சதவீதம். அதே ஆளுங்க 1995-க்குப் போட்ட கணக்குல பாதி ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கு, மாத்திரைக்குப் போனது அஞ்சுல ஒரு பங்குதான். அது கால் நூற்றாண்டுக்கு முந்தின கணக்கு, இப்ப வயசானவங்க இன்னும் ஜாஸ்தி, இங்க சிங்கப்பூர்ல 2030-ல நாலு பேர்ல ஒருத்தர் 65 தாண்டினவங்களா இருப்பாங்கன்னு அரசாங்கமே சொல்லிட்டு இருக்கு.

இதெல்லாம் பில்லு வர்ற செலவு. பில்லே வராத செலவுக்கு நம்ம பெரியப்பா வீட்டப் பாரு.

அவருக்கு இதே ஏஎஃப்தான். உனக்கு அப்ப பரீட்சை நேரம், நாங்க எதையும் விவரமா சொல்லல. அந்தக் காலத்துல இப்ப இருக்கிற மாத்திரை கிடையாது, வார்ஃபரின்தான், அது முதல்ல எலி மருந்தா வித்தது, 1954-லதான் மனுஷனுக்குக் குடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல மருந்துதான், ஒழுங்கா சாப்பிட்டா மூணு ஸ்ட்ரோக்ல ரெண்ட தடுத்துடும், ஆனா ஒழுங்கா சாப்பிடுறதுதான் பெரும்பாடு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்க ஐஎன்ஆர்னு ஒரு டெஸ்ட், அது 2-லேர்ந்து 3-க்குள்ள நிக்கணும், முருங்கைக்கீரை ரெண்டு நாள் சேர்ந்தாப்ல சாப்பிட்டா இறங்கிடும், வேற ஏதாவது மாத்திரை சேத்தா ஏறிடும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் யாராவது அரை நாள் லீவு போட்டு கூட்டிட்டுப் போகணும். அவரு "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்த இழவு"ன்னு யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாரு. அப்புறம் ஒரு நாள் காலைல வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. ஏஎஃப்னால வர்ற ஸ்ட்ரோக் மத்த ஸ்ட்ரோக்க விட பெருசா அடிக்கும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு.

ஆஸ்பத்திரி பில் ஒரு மாதிரி சமாளிச்சாச்சு, இன்ஷூரன்ஸ் கொஞ்சம், மெடிசேவ் கொஞ்சம் (அதான், சம்பளத்துல புடிக்கிற சிபிஎஃப் சேமிப்புல மருத்துவத்துக்குன்னு ஒதுக்குற பணம்). வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஆரம்பமே. பெரியம்மா சைல்ட்கேர்ல சமையல் வேலை பாத்துட்டு இருந்தாங்க, விட்டுட்டாங்க. சம்பளம் போச்சு, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. சம்பளத்தோட சிபிஎஃப்-பும் நின்னு போச்சு, அதனால அவங்களோட சொந்த மெடிசேவ்ல புதுசா பணம் சேரவே இல்ல, இன்னைக்கு அவங்க முழங்கால் ஆபரேஷனுக்கு கையில காசு இல்லாம மகன்கிட்ட நிக்கிறாங்க. அது யார் வியாதியோட செலவு? அவரு நெஞ்சுல ஆரம்பிச்சது அவங்க முழங்கால்ல வந்து நிக்குது. எந்த ஆராய்ச்சிக்காரன் இத எழுதுவான்னு எனக்குத் தெரியல. அவங்க மகன், உங்க அண்ணன், பஸ் ஓட்டுறவன், ஓவர்டைம் எடுக்குறத விட்டான், கல்யாணத்த தள்ளிப் போட்டான்.

அப்புறம் இந்தோனேசியாலேர்ந்து ஒரு பணிப்பெண் எடுத்தாங்க. பணிப்பெண் வச்சுக்க அரசாங்கத்துக்கு மாசா மாசம் கட்டுற லெவி வயசானவங்க இருக்கிற வீடுன்னு கம்மிதான், நல்ல விஷயம்தான், ஆனா சம்பளம், ஏஜென்ட் ஃபீஸ், சாப்பாடு, டயப்பர், சக்கர நாற்காலி எல்லாம் இருக்கே. தன் வேலைய தானே செய்ய முடியாமப் போனவங்களுக்கான எல்டர்ஷீல்டு காப்பீட்டுலேர்ந்து மாசம் 400 வெள்ளி வந்துச்சு, ஆறு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க, அதுக்கு மேல கிடையாது. ஆறு வருஷம் முடிஞ்சுது, பெரியப்பா முடியல. (இப்ப உன் வயசுக்காரங்களுக்கு கேர்ஷீல்டு லைஃப், அது உயிரோட இருக்கிற வரைக்கும் வரும், நீ அத ஒழுங்கா கட்டிட்டு இருக்கியா?) அந்தப் பணிப்பெண்ணுக்கு ஊர்ல ஒரு சின்னப் பையன், பாட்டிகிட்ட விட்டுட்டு வந்து இங்க இவர தூக்கி குளிப்பாட்டிச்சு. அந்தப் பையன் அம்மா இல்லாம வளந்த வருஷங்கள எந்தக் கணக்குல எழுதுறது.

இதான் நான் சொல்ல வர்றது. மாத்திரை வாங்குற காசு மாசா மாசம் கண்ணுக்குத் தெரியுது, வராத ஸ்ட்ரோக்குக்கு எந்தப் புக்லயும் வரி கிடையாது. அதனாலதான் ஆளுங்க மாத்திரைய நிறுத்துறாங்க, அதனாலதான் சில குடும்பங்கள்ல "இத்தன மாத்திரை எதுக்கு"ன்னு பேச்சு வருது. 2010-க்கு அப்புறம் வந்த மாத்திரைங்கள்ல ஐஎன்ஆர் தொல்லை இல்ல, கீரை பிரச்சனை இல்ல, யாரும் லீவு போட வேணாம், இப்ப சிலதுக்கு ஜெனரிக்கும் வந்தாச்சு. நான் ஒரு வேளை கூட விடல, அம்மா டப்பாவ எண்ணிப் பாக்குறா.

இதயத் துடிப்பப் பாக்குற வாட்ச் வாங்கி அனுப்புறேன்னு சொன்னியே, வேணாம்மா. எனக்கு இருக்குன்னு தெரிஞ்சாச்சு, மாத்திரையும் போயிட்டு இருக்கு, அது கையில இருந்தா அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன எழுப்பி அத பாப்பா. பொதுவாவே எல்லாரையும் தேடித் தேடிக் கண்டுபுடிச்சா நல்லதுன்னு நினைக்கிறோம், ஆனா டென்மார்க்ல 70 தாண்டின ஆறாயிரம் பேர வச்சு 2021-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நெஞ்சுல சின்ன மெஷின் வச்சுப் பாத்தவங்ககிட்ட மூணு மடங்கு ஏஎஃப் புடிபட்டுச்சு, ஆனா ஸ்ட்ரோக் நிச்சயமா குறைஞ்சுதுன்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. டெஸ்டுக்கும் காசு, மாத்திரைக்கும் காசு, ரத்தக் கசிவு வந்தா அதுக்கும் காசு. வயசானவங்க டாக்டர்கிட்ட போறப்ப நாடிய ஒரு நிமிஷம் புடிச்சுப் பாக்குறது, அது ஓசி, எனக்கு அதுலதானே தெரிஞ்சது.

இப்ப நீ சொன்ன அந்த விஷயம். ஆறு மாசம் நோ-பே லீவு போட்டு இங்க வந்து இருக்கப் போறேன்னு. வேணாம். கோவத்துல சொல்லல, கணக்காத்தான் சொல்றேன். நீ வந்தா உன் சம்பளம் போகும், பென்ஷன் போகும், புரமோஷனுக்கு வேற ஒருத்தி வந்து நிப்பா, இங்க வந்து என்ன பண்ணுவ, நான் நடக்குறத பாத்துட்டு இருப்ப. பெரியம்மா வேலைய விட்டாங்கன்னா அங்க வேற வழி இல்ல. இங்க நான் தேக்கா மார்க்கெட்டுக்கு எம்ஆர்டி ரயில் ஏறிப் போய் மீன் வாங்கிட்டு வர்றேன். தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருக்கல்ல, அதுக்கு வா, போதும்.

உன்னால ஆக வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. பெரியப்பாவுக்கு பேச்சு போனதும் அவரு பேர்ல இருந்த பேங்க் கணக்க யாராலயும் தொட முடியல, கோர்ட்டுக்குப் போய் அவருக்குப் பதிலா முடிவெடுக்க டெப்யூட்டி ஆர்டர் வாங்குற வரைக்கும் உங்க அண்ணன் கடன் வாங்கித்தான் குடும்பத்த ஓட்டினான், அவரு காசு அங்கயே கிடந்துச்சு. அதனால நான் எல்பிஏன்னு ஒரு அதிகாரப் பத்திரம் போடப் போறேன், என்னால முடிவெடுக்க முடியாமப் போனா எனக்காக நீயும் அம்மாவும் பாத்துக்கிற மாதிரி. எல்லாம் ஆன்லைன்தான், நான் ஃபார்ம் போட்டதும் நீ சிங்பாஸ்ல, அதான் அரசாங்க லாகின் ஆப்ல, போய் அக்செப்ட் பண்ணணும், அப்புறம் நான் இங்க டாக்டர்கிட்டயோ வக்கீல்கிட்டயோ போய் சர்டிஃபை பண்ணிக்கிறேன். உன் சிங்பாஸ் இன்னும் பழைய போன்லதான் இருக்குன்னு நினைக்கிறேன், இந்த வார இறுதில மாத்திடு, மாத்திட்டு எனக்கு மெசேஜ் போடு, அம்மாவுக்குப் போடாத.

அப்பா