இருவருக்கு விற்ற பயணம், ஒருவருக்கு எழுதிய கணக்கு: கப்பல் சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: ஒரே முன்பதிவு எண்ணில் பயணித்த தம்பதி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஏழு இரவுக் கப்பல் பயணத்தில் அறை மாற்றம், கட்டில், சேவைக்கட்டணம், நாணய மாற்று, தவறிய துறைமுகக் கட்டணம் ஆகியவற்றில் நேர்ந்த குறைகள் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

‘முதல் கப்பல் பயணம், இருவருக்கு மட்டும்’ என்ற தலைப்பில் நீங்கள் விற்ற ஏழு இரவுப் பயணத்தை முடித்துத் திரும்பியிருக்கிறோம். அறையைப் பராமரித்தவர், உணவுக்கூடத்தில் பரிமாறியவர்கள், படகில் கைகொடுத்து ஏற்றிவிட்டவர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதம் அவர்களைப் பற்றியதல்ல, உங்கள் கணினியைப் பற்றியது. அதன் கணக்கில் முன்பதிவின் முதல் பெயர்தான் பயணி. இரண்டாவது பெயர், அவர் கையோடு கொண்டுவந்த ஒரு பெட்டி. கீழே உள்ள குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கோளாறிலிருந்து கிளைத்தவை என்பதால் ஒரே கடிதமாக எழுதுகிறோம்.

முதலில் அறை. அறை எண்ணை நிறுவனமே ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் நாங்கள் வாங்கவில்லை. அப்படி வாங்கியிருந்தால் இந்தப் பத்திக்கே இடமில்லை. கிடைத்த அறையில் படுத்துக்கொள்வதுதான் அந்தக் கட்டணத்தின் நிபந்தனை. நாங்கள் கூடுதலாகக் கொடுத்து, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், மேலேயும் கீழேயும் பிற அறைகளே இருக்கும்படி தளப் படத்தைப் பார்த்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தோம். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது ‘வாழ்த்துகள், இலவசமாக உயர்தர அறை’ என்று மின்னஞ்சல் வந்தது. ஜன்னல் இல்லாத அறைக்குப் பதிலாக ஜன்னல் உள்ள அறை. ஆனால் அது இருந்தது கப்பலின் மூக்கில்.

இது உயர்வு அல்ல. காரணத்தை உங்களுக்கே சொல்ல வேண்டியிருப்பது விந்தைதான். கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது சீசா பலகையைப் போல நடுப்பகுதி குறைவாகவும் இரு முனைகளும் அதிகமாகவும் அசையும். மின்னஞ்சலில் இதைச் சுட்டிக் காட்டியபோது, ‘எங்கள் கப்பலில் ஆட்டம் தடுக்கும் துடுப்புகள் உள்ளன, அச்சம் வேண்டாம்’ என்று பதில் எழுதினீர்கள். நீருக்கடியில் இருபுறமும் நீளும் அந்தத் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் கட்டுப்படுத்தும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. மூக்கில் படுப்பவருக்குத் தலைசுற்றல் தருவது அந்த இரண்டாவது ஆட்டம். வாந்தி வந்தபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது, ஆட்டம் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும் என்பதும் முதல்முறை செல்பவருக்குத் தெரியாது. உங்கள் ‘என்னென்ன எடுத்துவர வேண்டும்’ பட்டியலில் மாலை உடைக்கு ஒன்பது வரி இருக்கிறது. இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சத்தம் இன்னொன்று. மூக்கின் கீழ்ப்பகுதியில் கப்பலின் குறுக்கே ஒரு குழாய், அதற்குள் சுழலும் விசிறி. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளி மேடையோடு அணைக்கும் த்ரஸ்டர் அதுதான். காலை ஏழு மணிக்குக் கரை சேரும் கப்பலில் ஆறு மணிக்கெல்லாம் அது இயங்கத் தொடங்கிவிடும். கட்டிலின் இரும்புச் சட்டம் நடுங்கும், குளியலறைக் கண்ணாடித் தட்டில் வைத்த தம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வரும். நங்கூரம் இறக்கும் இடங்களில் சங்கிலி உருளும் ஓசையும் சேர்ந்துகொள்ளும். தளப் படத்தில் இதைக் குறிக்க ஒரு சின்ன அடையாளம் போதும்.

மாற்றம் எப்படி நடந்தது என்று விசாரித்ததில் தெரிந்தது இது: ‘உயர்தர அறை கிடைத்தால் மாற்றலாம்’ என்ற கட்டத்தில் நீங்களே டிக் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது பணம் கட்டும் திரையில் இல்லை. முதல் பயணியின் சுயவிவரப் பக்கத்தில், மொழித் தேர்வுக்குக் கீழே இருக்கிறது. இரண்டாவது பயணிக்கு அந்தப் பக்கமே திறப்பதில்லை.

அறை மாறியதும் கட்டிலும் தொலைந்தது. முன்பதிவின் மூன்றாவது திரையில் ‘இரட்டைக் கட்டில், சேர்த்துப் போடவும்’ என்று தெரிவு செய்திருந்தோம். உறுதிச் சீட்டில் அது அச்சாகியும் இருக்கிறது. அந்தக் குறிப்பை நீங்கள் பயணிகளோடு சேர்க்காமல் பழைய அறை எண்ணோடு கட்டி வைத்திருந்ததால் அது அங்கேயே தங்கிவிட்டது. பல அறைகளில் இது பெரிய விஷயமல்ல. இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் ஒட்டி நகர்த்தி, கால்களைக் கொக்கியால் பிணைத்து, நடுவில் விழும் பள்ளத்தில் ஒரு பஞ்சுப் பட்டை வைத்து, மேலே ஒரே விரிப்பு போட்டால் முடிந்தது. அறைப் பணியாளரும் அதைத்தான் செய்ய வந்தார். ஆனால் எங்களுக்குத் தந்தது நால்வர் தங்கும் அறை. சுவரிலிருந்து மடிந்து இறங்கும் மேல்படுக்கைகள் இரண்டு, அவற்றின் அடியில் ‘ட’ வடிவில் இரண்டு கட்டில்கள். ஒன்றின் தலைப்பலகை சுவரோடு திருகப்பட்டிருந்தது. அவர் திருகைக் காட்டினார், நாங்கள் பார்த்தோம், மூவருக்கும் சிரிப்பதைத் தவிர வழியில்லை. வரவேற்பு மேசையில் ‘கப்பல் நிரம்பிவிட்டது’ என்றார்கள். ‘இருவருக்கு மட்டும்’ என்று விற்ற பயணத்தில் ஏழு இரவும் ஆளுக்கொரு மூலை.

அடுத்தது கணக்கு. இதில்தான் தொகை அதிகம்.

பணியாளர்களுக்கான தினசரி சேவைக்கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டோம். இரண்டு பேர், ஏழு நாள், மொத்தம் 14 பதிவு. கப்பலிலும் அதே கட்டணம் நாளுக்கு இரண்டாக மறுபடி ஏறி, கடைசி நாள் பில்லில் இன்னொரு 14 நிற்கிறது. ஆக 14-க்கு 28. முன்கூட்டிக் கட்டிய தொகையும் பழைய அறை எண்ணில் கிடப்பதே காரணம். மூன்றாம் நாளே வரவேற்பு மேசையில் சொன்னோம். அது தலைமை அலுவலகம் திருத்த வேண்டியது என்றார்கள். திரும்பி வந்து அலுவலகத்தைக் கேட்டால், கப்பலை விட்டு இறங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்டதற்கான ரசீது எண் இருக்கிறது, இணைத்துள்ளோம்.

இதோடு ஒட்டிய ஒரு சின்ன வேலை: பாரில் ஒவ்வொரு பானத்தின் விலையோடும் சேவைக்கட்டணம் சதவீதமாகச் சேர்ந்துதான் வருகிறது. அப்படியிருந்தும் கையெழுத்துக்கு நீட்டும் சீட்டில் ‘டிப்ஸ்’ என்று ஒரு வெற்றுக் கோடு. சேர்த்தாகிவிட்டது என்ற வரி அதற்கு மேலே, மிகப் பொடி எழுத்தில். மங்கலான விளக்கில் முதல்முறை செல்பவர் இரண்டாவது தடவையும் எழுதிக் கொடுப்பார். அந்தக் கோடு அதற்காகத்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். தவறென்றால் எடுத்துவிடுங்கள்.

நாணய மாற்றுக்கு வருவோம். கப்பலின் கணக்கு ஒரு நாணயத்தில், எங்கள் கார்டு இன்னொரு நாணயத்தில். எந்த நாணயத்தில் வசூலிக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் கணினி தானாகவே எங்கள் நாணயத்துக்கு, உங்கள் விகிதத்தில், அதற்கொரு கூடுதல் சதவீதமும் வைத்து மாற்றியிருக்கிறது. இதை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. ஆனால் வரவேற்பு மேசைக்குப் போய்த் தனிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும், அதுவும் கடைசி இரவுக்கு முன். படிவத்தைப் பற்றிய தகவல் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் மட்டும் உண்டு. கேட்காமல் செய்ததால் கூடுதல் சதவீதத்தைத் திருப்பிக் கேட்கிறோம்.

கப்பல் ஏறும்போது டெபிட் கார்டையும் ஏற்போம் என்கிறீர்கள். அதன் பொருளைச் சொல்வதில்லை. செலவு கூடக் கூட நீங்கள் வங்கியிடம் தொகையைப் பிடித்து வைக்கச் சொல்கிறீர்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பைக் குறைக்கும், டெபிட் கார்டில் கணக்கில் இருக்கும் பணத்தையே முடக்கும். எங்களுக்கு மூன்று பிடிப்புகள். கடைசி பில் தனியாகக் கழிந்த பிறகும் அவை விடுபட ஒன்பது நாள் ஆனது. இதற்குப் பணம் கேட்கவில்லை. ‘டெபிட் கார்டு தவிர்ப்பது நல்லது’ என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஐந்தாம் நாள் துறைமுகம் ரத்தானது. அங்கே கப்பல் கரையோடு அணையாது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில்தான் இறங்க வேண்டும். அலை எழும்பினால் படகின் விளிம்பும் கப்பலின் ஏறுதளமும் ஒரே மட்டத்தில் நிற்காது. நடுவில் கால் வைப்பவர் நசுங்குவார். கேப்டன் மறுத்தது சரி. அதற்கு நாங்கள் எந்த இழப்பீடும் கேட்கவில்லை. உங்களிடம் வாங்கிய கரைச் சுற்றுலாவுக்கான பணமும் ஒழுங்காக வந்துவிட்டது. ஆனால் இறங்காத துறைமுகத்துக்காக எங்களிடம் வாங்கிய வரியும் துறைமுகக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தவை. அதில் முதல் பயணிக்கு மட்டும் திருப்பி வரவு வைத்திருக்கிறீர்கள். இரண்டாமவர் அந்தத் துறைமுகத்தில் நீந்திப் போய் இறங்கினார் என்று முடிவு செய்தீர்களோ?

வந்த அந்த ஒரு பாதியும் பணமாக வரவில்லை. கப்பலில் மட்டுமே செலவழிக்கக்கூடிய வரவாக, கடைசி இரவு 10.40-க்குக் கணக்கில் ஏறியது. பில்லை முடித்துவிட்டோம், பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கக் கடைசி நேரம் 11 மணி. விடிந்ததும் கப்பல் துறைமுகத்தில், கடைகள் பூட்டியிருந்தன. மிஞ்சிய வரவு இறங்கியதும் காலாவதி. படகில் இறங்க வேண்டிய துறைமுகம் எது என்பதையும் பயணத்திட்டத்தில் குறிப்பதில்லை. தெரிந்திருந்தால், முக்கியமான திட்டத்தை அந்த நாளில் எவரும் வைக்க மாட்டார்கள்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தனியே சொல்ல வேண்டும். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதியபோது, அன்று அது புறப்பட்ட துறைமுகத்தில் ஏறியவர்களில் பலருக்கு இன்னும் பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் மாறியது. ஏழு குறு ஊதலும் ஒரு நெடு ஊதலும் கேட்டால் எந்த இடத்தில் கூடுவது என்று ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். உங்கள் செயலியில் காணொளியைப் பார்த்து முடித்ததும் கூடுமிடத்தில் பயணியின் கப்பல் கார்டை ஸ்கேன் செய்கிறீர்கள். இருவரும் சேர்ந்தே போனோம், இருவர் கார்டும் ஸ்கேன் ஆனது. பதிவானது ஒன்று. புறப்படும் நேரத்தில் ஒலிபெருக்கியில் இரண்டாமவரின் பெயர் மூன்று முறை. அது வெட்கக்கேடு மட்டும்தான். இதுவே தலைகீழாக, வராதவரை வந்ததாக இந்தக் கணினி எழுதும் நாளை நினைத்துப் பாருங்கள்.

உணவுக்கூடத்தில் இருவர் மேசை கேட்டு எண்மர் மேசை கிடைத்ததைப் பெரிதுபடுத்தவில்லை, நல்ல மனிதர்கள் அமைந்தார்கள். பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பேக்கேஜ் விஷயம் அப்படியல்ல. ஓர் அறையில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதியைக் கடைசித் திரையில்தான் காட்டுகிறீர்கள். இருவராகப் பார்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒருவராகப் பார்த்த கணினி, பணம் வாங்கும்போது மட்டும் எங்களை இருவராக எண்ணுகிறது.

நாங்கள் கோருவது: இரண்டாவது முறை வசூலித்த 14 சேவைக்கட்டணப் பதிவுகள், நாணய மாற்றில் சேர்த்த கூடுதல் சதவீதம், தவறிய துறைமுகத்தின் வரியும் கட்டணமும் இரண்டு பேருக்கும் முழுமையாக, அறை எண்ணைத் தேர்வு செய்யக் கொடுத்த கூடுதல் தொகை. உறுதிச் சீட்டில் அச்சிட்ட கட்டிலைத் தராததற்கு, பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியை நீங்களே நிர்ணயித்து எழுதுங்கள். நியாயமாக இருந்தால் ஏற்போம். எல்லாமே கட்டிய கார்டுக்குப் பணமாகத் திரும்ப வேண்டும். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டு வேண்டாம்.

30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இரட்டை வசூலையும் நாணய மாற்றையும் கார்டு வழங்கிய வங்கியில் தகராறாகப் பதிவு செய்வோம். பதில் எழுதும்போது முன்பதிவில் உள்ள இரண்டு மின்னஞ்சல் முகவரிகளுக்கும் அனுப்புங்கள். இதுவரை வந்த நான்கு பதில்களும் முதல் பெயருக்கு மட்டுமே வந்துள்ளன.

இப்படிக்கு,
முதல் பயணி (கையொப்பம்)
இரண்டாம் பயணி (கையொப்பம்)

இணைப்பு: கட்டில் குறிப்புள்ள உறுதிச் சீட்டு, அறை மாற்ற மின்னஞ்சல், முன்கூட்டிக் கட்டிய சேவைக்கட்டண ரசீது, கடைசி நாள் பில், வரவேற்பு மேசைப் புகார் ரசீது, ‘ட’ வடிவக் கட்டிலின் புகைப்படம், திருகு தெரியும்படி.