வீட்டை விற்காமல் வா

சோழவந்தான்,
ஆடி 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாரம் ஒருமுறை போனில் பேசுகிற நீ நாலு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய் என்றால், வாயால் சொல்ல முடியாத சங்கதி என்று பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். ஜூனில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டார்கள், நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை கட்டிவிட்டது. மகள் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாச்சு, இன்னொன்று தை மாதம். உன் பெயரைச் சொன்னதும், "பள்ளிக்கூடம் விட்டதும் நம்ம வீட்டுக்கு வந்து பழைய குழம்பு கேட்பானே, அவன்தானே?" என்றாள். அவளுக்கு நீ இன்னும் எட்டாம் வகுப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூர் வீட்டை விற்றுவிட்டு, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் முப்பது சென்ட் வாங்கிப் புது மனுஷனாக வாழப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். "நீ செய்து காட்டினாய், என்னால் முடியாதா?" என்றும் கேட்டிருக்கிறாய். அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. நான் என்ன செய்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

2014ல் திருப்பூரை விட்டு நான் வந்ததை ஊரே மெச்சியது. பனியன் கம்பெனி வேலையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பினான் என்றார்கள். நடந்தது வேறு. கட்டிங் மாஸ்டர் ஒருவன் எனக்கு நல்ல சிநேகிதன். தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் சேர்த்து வைத்திருந்த பணத்தில் முப்பத்தெட்டாயிரம் கைமாற்றாக வாங்கியிருந்தேன். குடித்தே தீர்த்தேன். கல்யாணத் தேதி நெருங்கியதும் ஒரு ராத்திரியில் பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினேன். சிம் கார்டைக் கழற்றிப் போட்டேன். மதுரை ஆரப்பாளையத்தில் வந்து இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. இனி எல்லாம் புதுசு என்று நினைத்தேன். அதை உண்மையாகவே நம்பினேன், மாப்ள.

முதல் நாலைந்து மாதம் நன்றாகத்தான் இருந்தது. கொடிக்கால் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தேன். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நீ வந்ததில்லை. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே அகத்தி நிழலில் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். அந்த மாதங்களில் குடியை விட்டிருந்தேன். உடம்பு தேறியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. திருப்பூரில் சூப்பர்வைசரோடு சண்டை. இங்கே முறைத்தண்ணீருக்கு வாய்க்காலில் சண்டை. அங்கே பக்கத்து வீட்டுக்காரன் அற்பன் என்றேன். இங்கே வரப்புக்காரன் அற்பன் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை வெற்றிலையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வரும்போது பிராந்திக் கடை வாசலில் வண்டி நின்றது. நான் நிறுத்தியதாகவே ஞாபகம் இல்லை. என் அப்பத்தா காசிக்குப் போனாலும் கர்மம் தொலையாது என்பாள். சின்ன வயசில் அது கிழவி வாயில் வரும் பழமொழி, அவ்வளவுதான்.

எனக்கு உறைத்தது எப்போது தெரியுமா? திருப்பூரில் நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம். படிக்கட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் டிவியை நிறுத்திவிட்டு உள் அறைக்குப் போய்விடுவாள். அப்போது அவளுக்கு பத்து வயசு. இங்கே வந்து ரெண்டரை வருஷம் ஆன பிறகு, ஒரு சாயங்காலம் குடிக்காமல், நல்ல மனசோடு, சீக்கிரமே வீடு வந்தேன். டிவிஎஸ் எக்ஸெல்லை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட் சங்கிலியைத் தூக்கினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சங்கிலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஊர், வீடு, தொழில், வண்டி எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். அந்தப் பிள்ளையின் காதுக்கு வந்தவன் அதே ஆள்தான்.

அடுத்த வாரம் மதுரையில் குடிநோயாளிகள் கூடும் கூட்டத்துக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூட அறை, பத்துப் பதினைந்து பேர், டீ. ரிட்டயரான டிரைவர் ஒருவர் பேசினார். குடியை விடுவதற்காகவே மூன்று முறை டிப்போ மாற்றம் கேட்டு வாங்கினாராம். கூட்டத்தில் பழையவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஜியாகிரஃபிக் க்யூர் என்பார்கள். ஊர் மாற்றி நோய் தீர்ப்பது. அவர்களில் அதைச் செய்து பார்க்காதவர்கள் குறைவு.

அதற்காக இடமாற்றம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வந்து பேசிய டாக்டர் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் நிறையப் பேர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அந்தக் காடு, அந்தப் பயம், கை நீட்டினால் கிடைக்கிற மருந்து, எல்லாம் பின்னால் போனதும் பழக்கமும் போயிற்று. இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்றைக்கும் நான் கடை இருக்கிற ரோட்டில் போவதில்லை, ரெண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறேன். இடத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. ஆனால் அந்தச் சிப்பாய்கள் போரை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். நான் வீட்டில் நடந்ததை விட்டுத்தான் ஓடினேன். அதை எந்த ஊரில் விட முடியும்?

அந்த நாட்களில்தான் ஒருநாள் சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். மீனாட்சி கோயிலுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறோம், பக்கத்திலேயே இருக்கிற ரமணர் வீட்டுக்குள் நீயும் நானும் ஒருதரம்கூட நுழைந்ததில்லை. கூட்டத்துக்கு வரும் ஒருவர் கூட்டிப் போனார். சித்தப்பா வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. 1896 ஜூலையில், பதினாறு வயசுப் பையனாக, சாவு வந்துவிட்டது போன்ற பயம் வந்து தரையில் கட்டையாகப் படுத்து, சாவது எது என்று தனக்குள் பார்த்தது அந்த அறையில்தான். அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பியது ஆகஸ்ட் 29. இடையில் ஆறு வாரம் இதே வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறார். நான் அதுவரை அவர் ஓடிப்போய்த்தான் மாறினார் என்று நினைத்திருந்தேன். மாறியது இங்கே, மதுரையில். போனது அதற்கப்புறம்.

கூட வந்தவர் இன்னொன்றையும் சொன்னார். அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட ஐந்து ரூபாய் கொடுத்திருந்தார்கள். ரயிலுக்கு ஆகும் என்று மூன்றை எடுத்துக்கொண்டு மீதி ரெண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார் வெங்கடராமன், அப்போது ரமணருக்கு அதுதான் பெயர். யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதி, உன் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, ரெண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் குறித்திருந்தார். எல்லோரும் அந்தச் சீட்டில் 'நான்' என்று தொடங்கி 'இது' என்று மாறுவதைப் பற்றித்தான் வியந்து பேசுகிறார்கள். எனக்கு அந்த ரெண்டு ரூபாய்தான் நெஞ்சில் ஏறியது. உலகத்தையே விட்டுப் போகிற பையன் கணக்கைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் முப்பத்தெட்டாயிரத்தை வைத்துக்கொண்டு சிம் கார்டை மாற்றினேன்.

அதிலிருந்து ஒன்றரை வருஷம் சேர்த்தேன். 2018 கார்த்திகையில் திருப்பூர் பஸ் ஏறினேன். அவன் வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவன் பெண்டாட்டிதான் கதவைத் திறந்தாள். பணத்தை வாங்கி ரெண்டு தரம் எண்ணினாள். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. "இருக்கட்டும், போங்க" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான். தங்கச்சி கல்யாணம் அந்த வருஷம் நடந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை தெரியாது. திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஒட்டன்சத்திரத்தில்தான் கண் விழித்தேன். உட்கார்ந்து அப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நான் மாறினேனா என்று கேட்டால், அந்த பஸ்ஸிலிருந்துதான் கணக்கு வைக்கிறேன். சோழவந்தானுக்கு வந்த நாளிலிருந்து இல்லை.

கொடிக்காலில் ஒரு வேலை உண்டு, கொடி இறக்கிக் கட்டுவது. வருஷத்துக்கு ஒருதரம், அகத்தியில் உயரமாக ஏறிவிட்ட கொடியை அவிழ்த்துக் கீழே இறக்குவோம். இலை பறித்து மொட்டையாய்க் கிடக்கிற அடித்தண்டை வெட்டி எறிய மாட்டோம். சுருட்டி, அதே பாத்தியில், அதன் வேருக்குப் பக்கத்திலேயே புதைத்து மண் அணைப்போம். நுனியை மட்டும் மறுபடி அகத்தியோடு சேர்த்து நாரால் கட்டுவோம். புதைத்த பழைய தண்டின் கணுக்களில் புது வேர் விடும், அப்புறம் வரும் கொழுந்துக்கு அதுதான் தீனி. முதல் வருஷம் இதைச் செய்யும்போது எனக்கு முதுகு வலிதான் தெரிந்தது. இப்போதெல்லாம் அந்த வேலையைக் கூலி ஆளிடம் விடுவதில்லை.

இனி உன் கடிதம். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். தென்னைக்கு ஒரு பக்கம், மாட்டுக்கு அரைப் பக்கம், ஆபீஸில் உன்னை எப்படி மட்டம் தட்டுகிறார்கள் என்பதற்கு ஒரு பக்கம். மகனைப் பற்றி ஒரே வரி, "அவன் தனியாகப் போய்விட்டான்" என்று. ஏன் போனான், அன்றைக்கு நீ என்ன சொன்னாய், ஒன்றும் இல்லை. வீட்டில் சிலிண்டர் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை என்று எழுதியிருக்கிறாய்; தங்கச்சியிடம், உன் பெண்டாட்டியிடம்தான், இந்த முப்பது சென்ட் யோசனையைச் சொன்னாயா என்று எழுதவில்லை. மாப்ள, நீ இங்கே வந்தால் அந்த ஒரு வரியும் கூடவே வரும். கொடிக்கால் நிழலில் உட்கார்ந்தால் அது இன்னும் சத்தமாகக் கேட்கும், இங்கே வேறு சத்தம் கிடையாது.

உன்னை வராதே என்று சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். ஆனால் வீட்டை இப்போது விற்காதே. ஆறாம் வகுப்பில் தமுக்கத்தில் காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்களே, ரத்தக்கறை வேட்டியைப் பார்த்து நீ அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் மேல மாசி வீதியில் சட்டையைத் துறந்தது 1921 செப்டம்பர் 22. அதற்கு முன்பே ரெண்டு தரம் அந்த எண்ணம் வந்து தயங்கியிருக்கிறார். அன்றைக்கும் ஆயுசுக்கும் என்று அறிவிக்கவில்லை, குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். ஐந்தாறு வாரம். பிறகு அதுவே நிலைத்தது. நீயும் அப்படிச் செய். ஒரு மாதம் லீவு போடு. தங்கச்சியும் வருவதானால் இன்னும் நல்லது, அம்மாவுக்குப் பேச்சுத்துணை. பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது, ஃபேன் மட்டும் மாற்ற வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வா. போன் வேண்டாம், நேரில் போ. அவன் கதவைத் திறக்காமல்கூடப் போகலாம், எனக்கு அப்படித்தான் ஆயிற்று. போனாய் என்பது போதும். என்ன ஆயிற்று என்று இங்கே வந்து சொல், ராத்திரி முழுக்க வேண்டுமானாலும் கேட்கிறேன்.

என் மகள் இப்போது வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருகிறாளா என்று கேட்பாய். எப்போதும் இல்லை. சில நாள் வருகிறாள். போன வாரம் லீவில் வந்திருந்தபோது டிவியை நிறுத்தவில்லை, "அப்பா, கேட்டை இழுத்து மூடுங்க, ஆடு வந்துரும்" என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.

மதுரையில் இறங்கியதும் கூப்பிடு. நானே வண்டியை எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள