அப்பாவோட கால நாங்க யாருமே குனிஞ்சு பாக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல சுகர் பத்தி வர்ற பக்கத்த நான் பல வருஷமா விடாம படிக்கிறவ. எத சாப்பிடலாம், எவ்வளவு நேரம் நடக்கலாம், மாத்திரைய எப்ப போடணும்னு எல்லாம் நல்லா புரியிற மாதிரி போடுறீங்க, கண்ணு பத்தி கிட்னி பத்தி கூட முழுப்பக்கம் வந்திருக்கு. ஆனா கால் பத்தி வந்தது எப்பவோ ஒரு கட்டுரையோட கடைசியில ரெண்டு வரி, பாதத்த பராமரிக்கணும்னு, அவ்வளவுதான். பராமரிக்கிறதுன்னா என்ன, அத யாரு பண்ணணும், குனியவே முடியாத வயசுல ஒருத்தர் தன் உள்ளங்கால எப்படி பாப்பாரு, இதையெல்லாம் யாராவது எழுதுவாங்கன்னு காத்திருந்தேன், வரல, அதனால நானே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாவுக்கு 76 வயசு, சுகர் வந்து 18 வருஷம். மாத்திரை ஒரு வேளை தவறவிட்டது கிடையாது. போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் வெளிய போயிட்டு வந்து ஷூவ கழட்டிட்டு உள்ள நடந்தாரு, தரையில ஈரமா தடம் தெரிஞ்சுது, தண்ணின்னு நெனச்சு துடைக்கப் போனா ரத்தம். சாக்ஸ உருவிப் பாத்தா வலது கால்ல ரெண்டாவது விரலுக்கு கீழ, உள்ளங்கால் மேடா இருக்குமே அந்த இடத்துல, தோல் பிஞ்சு குழியா இருந்துச்சு. ஷூவ கவுத்து தட்டுனா ஒரு சட்டை பட்டன் விழுந்துச்சு. காலையிலேர்ந்து அந்த பட்டன் மேலயே நடந்திருக்காரு. வலிக்கலையாப்பான்னு கேட்டேன், இல்லம்மா, ஒண்ணும் தெரியலையேன்னாரு.

அந்த பதில கேட்டு நான் நிம்மதியானேன், அதுதான் நாங்க பண்ண பெரிய தப்பு. வலி இல்லன்னா சின்னப் புண்ணுதான், ரெண்டு நாள்ல காஞ்சிடும்னு மருந்து வச்சு கட்டி விட்டேன், அவரும் வழக்கம்போல நடந்துட்டே இருந்தாரு. ஒம்பதாவது நாள் விரல் வீங்கி கருஞ்சிவப்பா மாறி, கட்டப் பிரிச்சா வாடை. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு சீழ் எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு சொன்னாங்க, விரல எடுத்தாதான் பாதத்த காப்பாத்த முடியும்னு சொன்னாங்க, எடுத்தாங்க. ஒரு விரலோட தப்பிச்சது பெரிய விஷயம்னு அங்க இருந்த சிஸ்டர் சொன்னாங்க, பக்கத்து பெட்ல முட்டிக்கு கீழ எடுத்த ஒருத்தர் இருந்தாரு, அதப் பாத்தப்புறம் அவங்க சொன்னது புரிஞ்சுது.

ஏன் வலிக்கலன்னு அப்புறம்தான் விளக்கமா கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். சுகர் ரொம்ப வருஷம் இருந்தா நரம்பு கெடும், அதுலயும் உடம்புலயே நீளமான நரம்புங்க காலுக்குப் போறதுதான், அதனால அது மொதல்ல அடி வாங்கும், விரல் நுனியில ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துற மாதிரி, ராத்திரில தூங்க முடியாத வேதனை, அவங்களாவது டாக்டர்கிட்ட சொல்லுவாங்க. எங்க அப்பா மாதிரி பல பேருக்கு சத்தமே இல்லாம மரத்துப் போயிடும், ஒரு நாளும் தொந்தரவு தெரியாது. கூடவே வேர்வை கொறஞ்சு தோல் காஞ்சு பித்தவெடிப்பு வரும், காலுக்குள்ள இருக்கிற சின்ன தசைங்க மெலிஞ்சு விரலெல்லாம் மடங்கி பறவையோட நகம் மாதிரி வளையும், அப்ப நடக்குற பாரம் முழுக்க ஒண்ணு ரெண்டு இடத்துலயே விழும், அந்த இடத்துல தோல் தடிச்சுக்கும், தடிச்ச தோலுக்கு அடியில புண்ணு வெளிய தெரியாம வளரும். இது ஒரு பக்கம்னா காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிப் போறது இன்னொரு பக்கம், அது இருந்தா வந்த புண்ணு ஆறாது, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இன்னும் மோசம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சு, நின்னா சரியாகுதுன்னா அது வயசானதால வர்ற வலின்னு விட்டுடாதீங்க, ரத்த ஓட்டத்த பாக்கச் சொல்லுங்க.

வலி எவ்வளவு பெரிய காவல்னு மொதல்ல புரிய வச்சவங்கள்ல ஒருத்தர் டாக்டர் பால் பிராண்ட். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த சர்ஜன். தொழுநோய் வந்தவங்களுக்கு விரல் தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பிட்டிருந்த காலத்துல, அது தானா அழுகல, வலி தெரியாததால சுட்டுக்கிட்டும் வெட்டிக்கிட்டும் அந்தப் புண்ணு மேலயே நடந்தும் கெடுத்துக்கிறாங்கன்னு காட்டுனவர். பின்னாடி அமெரிக்கா போனப்ப சுகர்காரங்க காலுக்கும் இதே கதைதான்னு சொல்லி, புண்ணுல பாரம் விழாம காலுக்கு மாவுக்கட்டு போடுற முறைய பரவலாக்குனாரு. இத படிச்சப்ப எங்க அப்பா அந்த ஒம்பது நாளும் நடந்துட்டே இருந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. மருந்து மேல மருந்து மாத்துனோம், ட்ரெஸ்ஸிங் தினமும் பண்ணோம், ஆனா கால கீழ ஊனாதீங்கப்பான்னு ஒரு வார்த்த யாரும் சொல்லல. உள்ளங்கால் புண்ணுக்கு அதுதான் பாதி வைத்தியம்.

சுகர் இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய 5ல ஒருத்தர்லேர்ந்து 3ல ஒருத்தர் வரைக்கும் வாழ்நாள்ல ஒரு தடவையாவது கால் புண்ணு வரலாம்னு கணக்கு சொல்றாங்க. ஆறினதுக்கு அப்புறமும் ஒரே வருஷத்துக்குள்ள 100ல 40 பேருக்கு திரும்ப வருதாம். அதாவது புண்ணு ஆறுறதோட விஷயம் முடியல. அதனாலதான் எனக்கு ஒரு ஆதங்கம், இத டாக்டருங்களும் படிக்கணும்னுதான் எழுதுறேன். எங்க அப்பா இந்த 18 வருஷத்துல எத்தன தடவ செக்கப் போயிருப்பாரு, ரத்தம் எடுத்தாங்க, பிரஷர் பாத்தாங்க, ஒரு தடவ கூட ஷூவ கழட்டுங்கன்னு யாரும் சொல்லல. அவசரம் தெரியும், வெளிய கூட்டம் நிக்குறது தெரியும். ஆனா காலப் பாக்குற டெஸ்ட்டுக்கு பெரிய மிஷின் எதுவும் வேணாமே. தொட்டா தெரியுதான்னு பாக்க 10 கிராம் அழுத்தம் குடுக்குற மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழை, அதிர்வு தெரியுதான்னு பாக்க 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்னு ஒரு இரும்புக் கவை, பாதத்துல ரெண்டு இடத்துல கைய வச்சு நாடி பாக்குறது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும். எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கே வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும், மரத்துப் போனவங்களுக்கு அதவிட அடிக்கடி, ஏற்கனவே புண்ணு வந்தவங்கள, விரல் எடுத்தவங்கள 1லேர்ந்து 3 மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணும்.

வீட்டுலயே செய்யக்கூடிய ஒண்ணு சொல்றேன், இத தயவு செஞ்சு இன்னைக்கே பண்ணிப் பாருங்க. பெரியவங்கள படுக்க வச்சு கண்ண மூடிக்கச் சொல்லுங்க. ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய மட்டும் உங்க ஆள்காட்டி விரலால ஒண்ணு ரெண்டு செகண்ட் லேசா தொடுங்க, அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தொட்டது தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க. மொத்தம் ஆறு இடம், அதுல ரெண்டு இடமோ அதுக்கு மேலயோ தெரியலன்னா உணர்ச்சி கொறஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், டாக்டர்கிட்ட காட்டணும். எங்க அப்பாவுக்கு இத நாங்க விரல் போனதுக்கப்புறம் பண்ணோம். இருந்த விரல்ல சுண்டுவிரல் ஒண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அதையும் தெரியுதுன்னு சந்தேகமாதான் சொன்னாரு.

தினமும் கால பாருங்கன்னு புத்தகத்துல எழுதிடுறாங்க, ஆனா வயசானவங்க நெலமைய யோசிச்சுப் பாருங்க. இடுப்பு குனியாது, முட்டி மடங்காது, கண்ணு சரியா தெரியாது, அதுவும் சுகர்னால கண்ணு கெட்டவங்க பல பேருக்கு காலும் கெட்டிருக்கும். கண்ணாடிய தரையில வச்சு அடிப்பாதத்த பாருங்கன்னு சொல்றதும் நல்ல யோசனதான், ஆனா தனியா இருக்கிறவங்களுக்கு வேற வழி இல்லாதப்ப அது. வீட்டுல ஆள் இருந்தா அந்த ஆளோட கண்ணுதான் பாக்கணும். இதுல ஒரு தடங்கல் இருக்கு, எங்க அப்பாவுக்கு தன் கால பொண்ணு கையில குடுக்குறது அவ்வளவு கூச்சமா இருந்துச்சு. நகம் தடிச்சு மஞ்சளா இருக்கு, வெடிப்பு இருக்கு, நீ போய் இத தொடணுமாம்மான்னு கால இழுத்துப்பாரு. மூணு நாலு நாள் சாக்ஸ் போட்டுக்கிட்டே படுத்தாரு. நான் கோபப்படல, நீங்க என் கால எத்தன தடவ கழுவி விட்டிருப்பீங்கப்பான்னு மட்டும் கேட்டேன், அப்புறம் நீட்டுனாரு.

இப்ப தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அவர நாற்காலில உக்கார வச்சு, நல்ல வெளிச்சத்துல ரெண்டு காலையும் பாக்குறேன். அடிப்பாதம், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கும். ஈரத்துல வெள்ளையா ஊறிப்போன தோல், புதுசா செவந்த இடம், கொப்புளம், வெடிப்புல ரத்தக் கசிவு, தடிச்ச தோலுக்கு அடியில கருப்பா தெரியிறது, இதெல்லாம் கண்ணுக்குப் பழகிடும். எதாவது சந்தேகம்னா ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்குவேன், மறுநாள் பெருசாயிருக்கான்னு ஒத்துப் பாக்கலாம். ரெண்டு பாதத்தையும் புறங்கையால தொட்டு சூடு பாப்பேன். ஒரு கால் மட்டும் இன்னொண்ண விட சூடா, வீங்கி, செவந்து இருந்தா வலி இல்லன்னாலும் விடக்கூடாது, உள்ள எலும்பு நொறுங்குற சார்கோ பாதம்னு ஒண்ணு இருக்கு, சுளுக்குன்னு நெனச்சு நடந்துட்டே இருந்தா பாதத்தோட வடிவமே மாறிடும்.

கழுவுறதுல ஒண்ணே ஒண்ணு முக்கியம், தண்ணி சூட்ட காலால பாக்காதீங்க, முழங்கையால பாருங்க, இல்ல வேற ஆள பாக்கச் சொல்லுங்க. கால் வலிக்குதுன்னு கொதிக்கக் கொதிக்க தண்ணில கால வச்சு, ஹீட்டிங் பேட் வச்சு தோல் வெந்து போய் வந்தவங்கள அந்த வார்டுலயே நான் பாத்தேன், வெந்தது கூட அவங்களுக்கு தெரியல. ரொம்ப நேரம் ஊற வைக்கவும் வேணாம். கழுவிட்டு விரல் இடுக்க ஒத்தி ஒத்தி தொடைக்கணும், க்ரீம் பாதம் முழுக்க தடவலாம், விரல் இடுக்குல மட்டும் கூடாது. நகத்த நேரா வெட்டணும், ஓரத்துல உள்ள நோண்டக்கூடாது. தடிச்ச நகத்த, கால் ஆணிய பிளேடால வீட்டுல சீவுறது ரொம்ப பேருக்குப் பழக்கம், அத விட்டுடுங்க, ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர்ல தோல கரைக்கிற ஆசிட் இருக்கு, மரத்துப் போன கால்ல அது நல்ல தோலையும் சேத்து கரைச்சுடும். நகம் ரொம்ப தடிச்சிருந்தா பழகுன ஆள்கிட்ட போங்க.

வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்க வேணாம். செருப்போ ஷூவோ போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு தடவிப் பாருங்க, எங்க வீட்டுல அந்த பட்டன அப்படி தேடியிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது. வாங்கப் போகும்போது சாயங்காலமா போங்க, கால் அப்பதான் வீங்கி முழு அளவுல இருக்கும். முன்னாடியே ஒரு பேப்பர் மேல நின்னு பாதத்த சுத்தி கோடு போட்டு எடுத்துட்டுப் போங்க, ஷூவ அது மேல வச்சா கோடு வெளிய தெரியக்கூடாது, உள்ள நீளம் பாதத்த விட 1லேர்ந்து 2 செ.மீ. கூட இருக்கணும். மரத்துப் போன காலுக்கு இறுக்கமா இருந்தாதான் போட்ட மாதிரி இருக்கும், அந்த உணர்வ நம்பி எங்க அப்பா வருஷக்கணக்கா ஒரு சைஸ் சின்னதாவே வாங்கிட்டிருந்தாரு. அதுக்காக தேஞ்சு லூசான செருப்பும் ஆகாது, வயசானவங்க தடுக்கி விழுறதுக்கு அது போதும்.

புண்ணோ கொப்புளமோ வந்தா அன்னைக்கே போங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க. வீக்கம், வாடை, கருப்பு, காய்ச்சல் எதாவது கூட இருந்தா ராத்திரியானாலும் கெளம்புங்க.

ஆசிரியர்கிட்ட என்னோட கோரிக்க ஒண்ணுதான். நவம்பர் 14 உலக நீரிழிவு தினத்துக்கு நீங்க ஸ்பெஷல் பக்கம் போடும்போது அதுல அரைப் பக்கம் காலுக்கு குடுங்க, பெரிய எழுத்துல, கட் பண்ணி சுவத்துல ஒட்டுற மாதிரி. ஃபோன் பாக்கத் தெரியாத பெரியவங்க வீட்டுல பேப்பர்தான் வருது. படம் போடுறப்ப பாதத்தோட மேல்பக்கத்த போடாதீங்க, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் போடுங்க, அங்கதான் நாங்க பாக்காம விட்டோம்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி